வாரண்டி கார்டு சொல்வதும் சட்டம் சொல்வதும்

மிக்ஸி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் விலை கேட்பார், அடுத்து "வாரண்டி எத்தனை வருஷம்?" என்பார். கிடைக்கிற பதிலை வைத்தே நம் உரிமையை அளந்துகொள்கிறோம். இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷத்துக்குக் கேட்கலாம், அதன் பிறகு கேட்க முடியாது. வாரண்டியே இல்லாத பொருள் என்றால் கடைவாசலைத் தாண்டியதுமே பேச்சு முடிந்தது. கடைக்காரர்களில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அல்லது நாம் இப்படி நினைத்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை. வாரண்டி கார்டு என்பது கம்பெனி தானாக முன்வந்து கொடுக்கும் கூடுதல் வாக்குறுதி. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்கிறவர் மேல் சட்டம் சில பொறுப்புகளை ஏற்கெனவே வைத்திருக்கிறது. அவற்றை எந்தக் கார்டிலும் அச்சடிக்க மாட்டார்கள் என்பதால் பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாவதாக இன்னொன்று உண்டு: பொருள் கெட்டதோடு நிற்காமல் அதனால் ஆளுக்கு அடிபட்டால் அதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கடையில் நாம் பேசும் பேச்சே மாறிவிடும். இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்துத்தான்.

முதலில் கார்டு

கார்டைப் பத்திரமாக பீரோவில் வைப்பவர்கள் நிறையப் பேர். படிப்பவர்கள் குறைவு. படித்தால் சில ஆச்சரியங்கள் காத்திருக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் பெரிதாக "60 மாத வாரண்டி" என்று இருக்கும். கார்டைத் திறந்தால் அது "36+24" என்று பிரிந்து நிற்கும். முதல் 36 மாதத்துக்குள் பேட்டரி செத்தால் இலவசமாக வேறு தருவார்கள். அடுத்த 24 மாதம் "புரோ ரேட்டா", அதாவது புதுப் பேட்டரியின் எம்.ஆர்.பி.யில் ஒரு தள்ளுபடி மட்டும். எம்.ஆர்.பி. 20,000 ரூபாய், தள்ளுபடி 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் 16,000 ரூபாய் கட்ட வேண்டும். பேட்டரியை எம்.ஆர்.பி.க்கு வாங்குகிறவர் யார்? பழைய பேட்டரியைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் பேரம் பேசினால் அதே விலைக்கோ அதைவிடக் குறைவாகவோ முடிந்துவிடலாம். ஐந்து வருட வாரண்டி என்று சொல்லி விற்றதில் கடைசி இரண்டு வருடம் பல நேரங்களில் வெறும் காகிதம்தான்.

ஏசியும் ஃப்ரிட்ஜும் இதே வகை. "10 வருடம்" என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். கம்ப்ரசர் இலவசமாக வரும். கேஸ் அடிப்பது, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் கூலி, வண்டி வாடகை எல்லாம் நம் தலையில் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் சட்டென்று போய்விடுகிற பிசிபி போர்டுக்கு (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) பல மாடல்களில் ஒரு வருடம்தான். ஆகவே "எத்தனை வருஷம்?" என்று கேட்பதோடு "எந்தப் பாகத்துக்கு, கூலி யாருடையது?" என்றும் கேட்க வேண்டும்.

வாரண்டி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதும் தகராறுக்குரிய விஷயம். பில் தேதியிலிருந்து என்கிறது கம்பெனி. புதுவீடு கட்டிக்கொண்டே ஏசியை ஆடித் தள்ளுபடியில் வாங்கி, தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு மாட்டுகிறவருக்கு வாரண்டியில் பாதி அட்டைப்பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும். பொருத்திய நாளிலிருந்து கணக்கு வையுங்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் வீட்டு உபயோகப் பொருள் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதுதான், உத்தரவு இல்லை. எனவே கார்டில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டில் இருக்கும் இன்னொரு முக்கியமான விஷயம், என்ன செய்வதாகச் சொல்கிறார்கள் என்பது. "குறையுள்ள பாகத்தைச் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம்" என்றுதான் பொதுவாக எழுதியிருக்கும். முழுப் பொருளையும் மாற்றுவோம் என்று இருக்காது. கோளாறான மாருதி கார் ஒன்றை மாற்றித் தரச் சொல்லி வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் இதைத்தான் பிடித்துக்கொண்டது. வாரண்டி பாகத்தை மாற்றுவதாகச் சொல்கிறது, காரை மாற்றுவதாகச் சொல்லவில்லை என்று கூறி, புதுக் கார் கொடுக்கச் சொன்ன உத்தரவை நீக்கியது. "ஒரு ஸ்க்ரூ போனாலும் புதுசா கொடு" என்று சண்டை போடுவதற்கு முன் இது நினைவில் இருக்கட்டும். திரும்பத் திரும்பச் சரிசெய்தும் சரியாகாத, உற்பத்தியிலேயே கோளாறான பொருள் என்று காட்ட முடிந்தால் கோரிக்கைக்கு வலு வரும்.

பில் போடும்போது கூடவே விற்கப் பார்க்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி இதில் சேராது. அது தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு தரும் சேவை. பல சமயம் அதைத் தருவது பொருளைத் தயாரித்த கம்பெனியும் இல்லை, கடையும் இல்லை, மூன்றாவதாக ஒருவர். அவர் பெயரும் முகவரியும் காகிதத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம். என்னைக் கேட்டால், அந்தக் காசைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வதே பெரும்பாலும் மேல்.

கார்டே இல்லாவிட்டால்?

இனிதான் அதிகம் பேசப்படாத பகுதி. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பொது விதி. ஆனால் அதே சட்டத்தின் 14 முதல் 17 வரையிலான பிரிவுகள் அந்த விதிக்குப் பெரிய விதிவிலக்குகளைப் போட்டுவிட்டன. ஒவ்வொரு விற்பனையிலும் யாரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் சில நிபந்தனைகள் உள்ளே இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவை சொல்கின்றன.

ஒன்று, சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். சுத்தப் பட்டு என்று சொல்லி விற்ற சேலையில் செயற்கை இழை கலந்திருந்தால் அதற்கு வாரண்டி கார்டு தேவையே இல்லை. சேலைக்கு யார் கார்டு கொடுக்கிறார்கள்? பில்லில் "பட்டு" என்று எழுதியிருந்தாலே போதும். அது பொருளைப் பற்றிய விவரிப்பு, அதற்கு ஒத்துவராத பொருளைக் கொடுத்தால் நிபந்தனை மீறல். சாம்பிள் காட்டி விற்றிருந்தால் மொத்தச் சரக்கும் சாம்பிள் போலவே இருக்க வேண்டும் என்பதும் இதை ஒட்டியதுதான். வீட்டுக்கு டைல்ஸ் எடுத்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இரண்டாவது, 16-ஆம் பிரிவு. இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஒருவர் மோட்டார் கடைக்குப் போய், "அண்ணே, போர் 400 அடி, தண்ணி 300 அடியில நிக்குது, மாடிக்கு ஏத்தணும், எது போட்டா சரியா வரும்?" என்று கேட்கிறார். கடைக்காரர் யோசித்து ஒரு மோட்டாரை எடுத்துக் கொடுக்கிறார். மாட்டினால் தண்ணீர் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை, வேறு கிணற்றில் போட்டால் அருமையாக ஓடும். ஆனாலும் கடைக்காரர் பொறுப்பு. எதற்கு வேண்டும் என்று சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி, அந்தத் தொழில் செய்கிறவரிடம் வாங்கியிருக்கிறோம். அந்த வேலைக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது சட்டம் எழுதாமல் எழுதி வைத்திருக்கும் நிபந்தனை.

அதே ஆள் கடைக்குப் போய் ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி, "அதுல ஒரு எச்.பி. மோட்டார் குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் நிலைமை மாறும். அங்கே கடைக்காரரின் யோசனையை அவர் நம்பவில்லை, தானே முடிவு செய்துவிட்டார். ஆகவே ஒரு வேலைக்காகப் பொருள் வாங்கும்போது அந்த வேலையைச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அந்த நாலு வரி பின்னால் நல்ல சாட்சி.

அதே பிரிவின் இன்னொரு பகுதி, அந்தப் பொருளை வாடிக்கையாக விற்கிறவரிடம் விவரம் சொல்லி வாங்கினால் அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மின்விசிறி என்றால் சுற்ற வேண்டும், குடை என்றால் ஒழுகக் கூடாது. "சீல் வச்ச டப்பா சார், உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்ற பதில் இங்கே எடுபடாது. கடைக்காரருக்குத் தெரிந்ததா தெரியாததா, அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. தான் கொடுத்த பொருளுக்கு அவர் பொறுப்பு. கம்பெனியிடம் அவர் வாங்கிக்கொள்ளட்டும்.

இதற்கும் எல்லை உண்டு. நீங்களே பொருளைச் சோதித்துப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வழக்காட முடியாது. பக்கவாட்டில் நசுங்கிய ஃப்ரிட்ஜ் என்று காட்டி விலையைக் குறைத்து விற்றார்கள் என்றால் நசுங்கலைப் பற்றிப் புகார் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே குளிர்ச்சி வரவில்லை என்றால் சொல்லலாம், அதைச் சொல்லியா விற்றார்கள்?

காலதாமதமும் நம்மைப் பாதிக்கும். குறை தெரிந்ததும் பொருளை மறுக்கும் உரிமை இருக்கிறது, பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒன்றும் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்துக்கொண்டால் நாம் அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். அதன் பிறகு பொதுவாக நஷ்டஈடு மட்டுமே கேட்க முடியும். "தீபாவளி முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று விடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. அன்றைக்கே ஒரு மெசேஜாவது அனுப்பிவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் இந்த மறைமுக நிபந்தனைகளை நீக்கிக்கொள்ளலாம் என்கிறது 62-ஆம் பிரிவு. பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடிக்கும் வாசகங்களுக்கெல்லாம் இதுதான் தைரியம். ஆனால் பணம் கட்டிய பிறகு கைக்கு வரும் காகிதத்தில் இருப்பதை நான் எப்போது ஒப்புக்கொண்டேன் என்று கேட்க நமக்கும் இடம் இருக்கிறது. நுகர்வோர் சட்டம் வந்த பிறகு அந்த வாசகங்களின் பலம் இன்னும் குறைந்துவிட்டது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"

கல்லாவுக்கு மேலே தொங்கும் இந்தப் பலகையைப் பார்த்து எத்தனையோ பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-இல் புதிய சட்டம் நிறைவேறி, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதை அது நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே பட்டியல் போட்டிருக்கிறது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் என்று கணக்கும் சொல்கிறது. பில் கொடுக்காததும் அதே பட்டியலில் இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குறையுள்ள பொருளைப் பற்றித்தான் சட்டம் பேசுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நிறம் பிடிக்கவில்லை, அக்கா வேறு டிசைன் கேட்டாள் என்பதெல்லாம் குறை ஆகாது. அதற்கு மாற்றித் தருவது கடையின் பெருந்தன்மை அல்லது அவர்கள் அறிவித்த கொள்கை. மறுபுறம், தள்ளுபடியில் வாங்கினோம் என்பதற்காக உரிமை தள்ளுபடி ஆவதில்லை. பாதி விலைக்கு வாங்கிய குக்கரும் குக்கராக வேலை செய்ய வேண்டும். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்து, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்" என்பவரிடம் வாங்குகிறவர், மிச்சம் பிடிக்கும் காசுக்குச் சாட்சியத்தை விற்றுவிடுகிறார்.

கடையா, கம்பெனியா?

"எங்க கையில ஒண்ணும் இல்ல சார், சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கேட்கும் வசனம். சர்வீஸ் சென்டரில் "நீங்க டீலர்கிட்ட பேசுங்க" என்பார்கள். யார்தான் பொறுப்பு?

நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு, விற்பனை ஒப்பந்தம் கடையோடு. ஆகவே மேலே சொன்ன மறைமுக நிபந்தனைகளுக்குக் கடைதான் முதல் பொறுப்பு. கார்டில் வாக்குக் கொடுத்தது கம்பெனி, கார்டுக்குக் கம்பெனி பொறுப்பு. இரண்டு பேரையும் எதிர்த்தரப்பில் சேர்த்துவிடுவதுதான் நடைமுறையில் நல்லது. ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போவார்.

டீலர் செய்ததற்கெல்லாம் கம்பெனி பொறுப்பாகிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. கோவாவில் ஒருவருக்கு 2011 மாடல் என்று சொல்லி, ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய 2009 மாடல் காரை டீலர் கொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தயாரிப்பாளரான டாட்டா மோட்டார்ஸ் டீலருக்குக் காரை விற்றுவிட்டது, டீலர் தனி வியாபாரி, அவர் செய்த காரியம் கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாதவரை கம்பெனியைப் பிடிக்க முடியாது என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. டீலரின் பொறுப்பு அப்படியே நின்றது. கடையையும் சேர்த்து வழக்குப் போட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கினால் மூன்றாவதாக ஒரு தளமும் சேர்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பனையாளரின் பெயர், முகவரி முதலிய விவரங்களைத் தளம் காட்ட வேண்டும். குறைதீர்ப்பு அதிகாரி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது.

"நாங்கள் வெறும் தளம், விற்றது வேறு ஒருவர்" என்ற வாதம் எப்போதும் செல்லுபடியாவதில்லை. வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். அதன் பிறகும் தரமில்லாத குக்கர்கள் தளங்களில் விற்பனையாவதைக் கண்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022-இல் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும் ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லித் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. இரண்டு நிறுவனங்களும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

ஆளுக்கு அடிபட்டால்

குக்கர் ஓட்டையாக இருந்தால் அது பொருளின் குறை. குக்கர் வெடித்து முகத்தில் காயம் என்றால் அது வேறு. பொருளால் வரும் காயம், உயிரிழப்பு, மற்ற சொத்துகளுக்கு வரும் சேதம் ஆகியவற்றுக்கு 2019 சட்டம் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. கெட்டுப்போன பொருளின் விலையை இந்த அத்தியாயத்தின் கீழ் கேட்க முடியாது, அதற்கு மேலே சொன்ன வழிதான்.

இந்தச் சிந்தனையின் வேர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1928 ஆகஸ்டில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு கஃபேயில் மே டோனஹ்யூ என்ற பெண்ணுக்குத் தோழி ஒருவர் ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுத்தார். புட்டி நிறக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்பது அவர் சொன்ன புகார். காசு கொடுத்தது தோழி என்பதால் இவருக்குக் கடையோடு ஒப்பந்தம் இல்லை, தயாரித்தவரோடும் இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் வழக்கும் இல்லை என்பதே அதுவரை பொது நம்பிக்கை. அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட லண்டன் பிரபுக்கள் சபை 1932-இல் அதை உடைத்தது. இடையில் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி பொருளை அடைத்து அனுப்புகிற தயாரிப்பாளர், அதைக் கடைசியாகப் பயன்படுத்துகிறவர் விஷயத்தில் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர் என்றது. தயாரிப்பாளர் ஸ்டீவன்சன் விசாரணைக்கு முன்பே இறந்துபோய் வழக்கு சமரசத்தில் முடிந்ததால், புட்டிக்குள் நத்தை இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. இல்லாமலும் இருந்திருக்கலாம் என்ற அந்த நத்தையைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்.

அந்த வழக்கில் தயாரிப்பாளரின் அஜாக்கிரதையைக் காட்ட வேண்டியிருந்தது. இந்தியாவின் 2019 சட்டம் ஒருபடி மேலே போகிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, தயாரிப்பு விவரக்குறிப்பிலிருந்து விலகல், கொடுத்த வாரண்டிக்குப் பொருந்தாமை, சரியான எச்சரிக்கையும் பயன்பாட்டுக் குறிப்பும் இல்லாமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. வெளிப்படையாக வாரண்டி கொடுத்துவிட்டு அதற்குப் பொருந்தாத பொருளை விற்றிருந்தால், அஜாக்கிரதை எதுவும் இல்லை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் புகார் கொடுக்கலாம். குக்கரை வாங்கியது மாமனார், அடிபட்டது மருமகள் என்றால் மருமகளே கேட்கலாம்.

அடிபட்ட விஷயத்தில் கடைக்காரரின் பொறுப்பு கொஞ்சம் குறுகலானது. பொருளின் வடிவமைப்பிலோ சோதனையிலோ பேக்கிங்கிலோ அவருக்கு முக்கியக் கட்டுப்பாடு இருந்திருக்க வேண்டும், அல்லது அவர் பொருளில் ஏதாவது மாற்றம் செய்திருக்க வேண்டும், அல்லது கம்பெனி தராத வாக்குறுதியைத் தானாகத் தந்திருக்க வேண்டும். பொருத்துவதிலும் சோதிப்பதிலும் அவர் கவனக்குறைவாக இருந்தாலும், தயாரிப்பாளரின் எச்சரிக்கைகளை வாங்குபவருக்குச் சேர்க்காமல் விட்டாலும் பொறுப்பு வரும். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், அல்லது தெரிந்தும் நோட்டீஸ் சேர்க்க முடியாத இடத்தில் இருந்தால் விற்றவர் தலையில்தான் விழும். பெயர் இல்லாத சார்ஜரையும் ஹீட்டரையும் விற்கும் கடைகள் இந்த வரியை ஒருமுறை படிப்பது நல்லது.

நம் பக்கத் தவறும் கணக்கில் வரும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்றவரைப் பிடிக்க முடியாது. சேஃப்டி வால்வு போன குக்கருக்கு வாரச்சந்தையில் வாங்கிய டூப்ளிகேட் வால்வைப் போட்டுவிட்டு வெடித்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் அது இல்லை.

நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதற்குப் பழைய சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கே போதும். ஒருவர் 2015-இல் ஹூண்டாய் கிரெட்டா வாங்கினார். 2017-இல் விபத்து, முன்பக்க ஏர்பேக் விரியவில்லை, தலையிலும் மார்பிலும் காயம். மோதல் போதுமான வேகத்தில் இல்லை என்றது கம்பெனி. வேகத்தையும் விசையையும் வைத்து மோதலின் தாக்கத்தைக் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். காரை மாற்றித் தர வேண்டும், இழப்பீடும் தர வேண்டும் என்ற உத்தரவு 2022-இல் உறுதியானது.

யார் நுகர்வோர்?

மறுவிற்பனைக்கும் வணிக நோக்கத்துக்கும் வாங்கியவர், நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு வர முடியாது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கியவருக்கு விலக்கு உண்டு. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர், பத்து ஆட்டோ வாங்கி வாடகைக்கு விடுகிறவர் இல்லை. இந்தக் கோட்டை உச்ச நீதிமன்றம் 1995-இல் வரைந்தது கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் விற்ற ஒரு இயந்திரம் சம்பந்தப்பட்ட வழக்கில். வாங்கியவர் அதில் வணிகராகக் கருதப்பட்டுத் தோற்றார். அப்படிப்பட்டவர்களுக்குச் சிவில் நீதிமன்றமும் 1930 சட்டமும் மிச்சமிருக்கின்றன.

விவசாயிகளும் நுகர்வோர்தான். முளைக்காத விதை விற்ற தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் போட்ட வழக்கில், விதையை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தீர்களா என்று கழகம் கேட்டது. வாங்கிய விதையை முழுதும் விதைத்துவிடுகிற விவசாயி, பின்னால் வழக்கு வரும் என்று ஒரு பிடியை எடுத்து வைத்திருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

புகார் என்று போனால்

விதை வழக்கு விதிவிலக்கான சூழல். பொதுவாகக் குறையை நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. அதற்கு நம்மிடம் இருக்கும் பெரிய ஆயுதம் சர்வீஸ் சென்டரின் ஜாப் ஷீட், அதாவது கோளாறையும் செய்த வேலையையும் எழுதித் தரும் சீட்டு. ஒவ்வொரு முறை பொருளைக் கொடுக்கும்போதும் என்ன கோளாறு என்பதை நம் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், "குளிர்ச்சி வரவில்லை, மூன்றாவது முறை" என்று இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் டெக்னீஷியன், "ஓடிபி சொல்லுங்க சார், கம்ப்ளெய்ண்ட்ட க்ளோஸ் பண்ணணும், பார்ட் வந்ததும் நானே வந்து மாட்டிடுறேன்" என்பார். அவருக்கு அன்றைய டார்கெட். நாம் ஓடிபி சொன்ன நிமிடத்தில் கம்பெனிக் கணக்கில் பிரச்சினை தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். வேலை முடியாமல் எண்ணைச் சொல்லாதீர்கள். பாவம் பார்த்துச் சொன்னாலும் அன்றே புதுப் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.

வாரண்டி முடிந்த பிறகு தெரியவரும் கோளாறுக்கு இந்தச் சாட்சியம் இன்னும் அவசியம். அது தேய்மானம் இல்லை, உற்பத்தியிலேயே இருந்த குறை என்று நாம் காட்ட வேண்டியிருக்கும். வாரண்டிக் காலத்திலேயே அதே கோளாறுக்கு இரண்டு மூன்று ஜாப் ஷீட் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சோதனை இல்லாமல் முடிவு செய்ய முடியாது என்றால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை நம்மைக் கட்டச் சொல்லலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துப் பாருங்கள். தமிழிலும் பேசலாம். நிறைய விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். நகராவிட்டால் கடைக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்டில் போடுங்கள், நாமே எழுதினால் போதும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்பது புதிய சட்டம் செய்த பெரிய நல்ல காரியம். வக்கீல் கட்டாயம் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

என்ன கேட்பது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். குறையைச் சரிசெய்வது, பொருளை மாற்றுவது, பணத்தைத் திருப்புவது, நஷ்டஈடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். "இதுவா, இல்லையென்றால் அதுவா" என்று மாற்றுக் கோரிக்கையும் வைக்கலாம். 20,000 ரூபாய் வாஷிங் மெஷினுக்கு 10 லட்சம் மன உளைச்சல் என்று எழுதினால் மற்ற கோரிக்கையின் மதிப்பும் சேர்ந்து குறையும்.

சோதனை தேவையில்லாத வழக்குகளை மூன்று மாதத்திலும் தேவைப்படுபவற்றை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், அதற்குத் தயாராக இருங்கள். ஆனால் நமக்கு இருக்கும் கெடு மட்டும் கறாரானது: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்றாலும் அதை நம்பி இருக்கக் கூடாது. 1915-இல் புகார் ஓடிக்கொண்டிருக்கிறது, கம்பெனி மெயிலுக்கு மெயில் "விரைவில் தீர்வு" என்று பதில் போடுகிறது என்பதற்காக அந்த இரண்டு வருடக் கடிகாரம் நிற்பதில்லை.